இரவல் கண்

கஸ்தூரிரங்கனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. எங்காவது குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனுஷன் சித்திரக்காரனாகித் தொலைத்தான். வர்ணம் சேர்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு வேறு. இந்தக் கூத்து அவன் மனைவி நீரஜா ஒருத்திக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் அவன் வரைந்த கல்யாண முருங்கையில் பூவெல்லாம் இலை நிறத்தில் இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். அவன் முகம் விழுந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அன்றே கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே, நீரஜா. மானம் போயிடும். இனிமே நீதான் என் கண்ணு."

"பெருமாள் சத்தியமா சொல்ல மாட்டேன்னா" என்றாள் அவள். ஒரு பெண்ணிடம் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிட முடியும்? நகையும் பட்டும் இதற்கு முன்னால் தூசி. அவள் பூரித்துப் போனாள்.

அன்று முதல் சாந்தோம் கடற்கரையோ, அடையாற்று முகத்துவாரமோ, அவன் படம் போடப் போனால் வர்ணப் பெட்டியோடு அவளும் போவாள். பக்கத்தில் நின்று, உதடு அசைவது தெரியாமல், "புடவை அரக்கு, ரவிக்கை பாசிப் பச்சை, வலை பழுப்பு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவன் ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்ப்பான். படத்துக்கு உட்கார்ந்த நொச்சிக்குப்பத்து மீன்காரி கங்கம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது? என்னிய எழுத வந்துட்டு சாமி ஒன்னியே பாத்துகினு கீறாரு?"

ஒரு சாயங்காலம் கங்கம்மாவின் நிழல் மணலில் நீளமாக விழுந்து கிடந்தது. ஒரு கணம் நீரஜாவுக்கு அது ஊதாவாகத் தெரிந்தது, நல்ல கத்தரிப்பூ ஊதா. சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். மணல் நிழலாவது, ஊதாவாவது! தன் கண் மயங்கியதை, சரிபார்க்க வழியில்லாத ஒருவன் தலையில் கட்டினால் அது துரோகமில்லையா? "பழுப்பு" என்றாள். அப்படி எத்தனையோ வர்ணங்களை அவள் அவனுக்காக விழுங்கியிருக்கிறாள்.

"எங்கேருந்து சார் உங்களுக்கு இந்த வர்ணமெல்லாம் கிடைக்கறது?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் சமுத்திரம் சொல்லித் தர்றது" என்பான், வாய் கூசாமல். அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தன் பேரை ஒரு தடவையாவது சொல்ல மாட்டானா என்று இருக்கும். ஆனாலும் ரகசியம் ரகசியம்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அவள் அம்மா காலை முறித்துக்கொண்டதில் ஸ்ரீரங்கத்தில் இரண்டு மாதம் தங்கும்படி ஆயிற்று. திரும்பி வந்தவளை எழும்பூர் ஸ்டேஷனில் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நீ இல்லாம பிரஷ்ஷைத் தொடவே இல்லைடி." பாவம், தவித்துப் போயிருக்கிறானே என்று அவள் அங்கேயே உருகினாள்.

இரண்டொரு நாளில் ராயப்பேட்டையில் சித்திரக் கண்காட்சி ஆரம்பமாயிற்று. பழைய படங்கள்தானே என்று சாவதானமாக உள்ளே நுழைந்தாள். எதிர்ச் சுவரில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். புதுப் படம், கீழே அவன் கையெழுத்து. கன்னத்தில் செம்பின் மினுமினுப்பு, மீன்கூடையின் மேல் மாலை வெயிலின் மஞ்சள், மணலில் நீளமாக ஊதா நிழல். எங்கேயும் தப்பில்லை.

நீரஜா படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தாள். இவன் தனியாக இதைப் போட்டிருக்க முடியாது. பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள். அப்படியானால் யாரிடமோ சொல்லியிருக்கிறான்.

அவனை ஜன்னலோரம் அழைத்துப் போனாள்.

"ஏன்னா, யாரு வர்ணம் சொன்னா?"

அவன் பூசி மெழுகப் பார்த்தான், முடியவில்லை. "ஜலஜா" என்றான். அடையாற்று வக்கீலின் பெண். அவன் சித்திரம் கற்றுக்கொடுக்கப் போகிற வீடு. அவளும் வந்திருந்தாள். சற்றுத் தள்ளி நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டேளா?"

"சொல்லும்படியா ஆயிடுத்து. கண்காட்சி வந்துடுத்து, நீயும் ஊர்ல இல்லை. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" அகப்பட்டுக்கொண்ட கோபம் அவனுக்கு. "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ இருக்கறதைத்தான் சொல்லுவே. அவ, இப்படிப் போட்டா எப்படி இருக்கும்னு சொல்றா. வர்ணத்துல இப்படியெல்லாம் விளையாடலாம்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே போயிடுத்து."

நெருப்பை அள்ளி நெஞ்சில் கொட்டியது போலிருந்தது அவளுக்கு. அவள் வாய்வரை வந்த ஊதா அது. அவனை ஏமாற்றக் கூடாதென்று விழுங்கிய ஊதா. யோக்கியமாக இருந்ததற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்! அந்தப் பெண்ணோடு பேசும் படத்துக்குப் போய்விட்டு வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன்னிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை இன்னொரு வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறானே என்றுதான் பற்றி எரிந்தது.

அதற்குள் கண்காட்சித் தலைவர், ரிடையரான ஜட்ஜ் ஒருவர், கூட்டத்தோடு வந்துவிட்டார்.

"பேஷ்! மணல்ல ஊதா! எங்கேருந்து ஓய் பிடிச்சீர் இதை?"

வழக்கம்போலச் சமுத்திரம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கஸ்தூரிரங்கன் நீரஜாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"எல்லாம் இவ கண்ணு சார். இவ சொல்லுவா, நான் போடுவேன்."

கூட்டம் கை தட்டியது. இத்தனை வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அதை இன்றைக்கு, இன்னொருத்தி சொன்ன வர்ணத்துக்கு, அவள் வாயை அடைப்பதற்காக எடுத்து வீசினான்.

"இது என் கண் இல்லை" என்றாள் நீரஜா. "இந்தப் படத்தையே நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

ஜட்ஜ் கடகடவென்று சிரித்தார். "பார்த்தீரா, என்ன அடக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரிரங்கனும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாக. ஜலஜா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை நீரஜாவிடம் மிச்சம் இருந்தது. சொல்லியிருந்தால் அவன் மானம் அங்கேயே சந்தி சிரித்திருக்கும். அவள் சொல்லவில்லை. சத்தியம் செய்தவள் அவள்தானே, அவன் இல்லையே.