மூன்று நாள் முந்திய தேதி

அறிஞர்கள் காலம் தவறாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பழைய கட்டிடங்களையும் தோட்டங்களையும் ஆராய்கிறவர்களின் சங்கத்துக்கு மாதம் ஒரு செய்தி மடல் தயாரிப்பது என் வேலை. எங்கே உதவித்தொகை, எங்கே கருத்தரங்கு, எது கடைசித் தேதி, எல்லாம் அதில் வரும். முந்நூறு வருஷத்து மதிலுக்கு ஜாதகமே கணித்துவிடும் இந்த மகராசர்களுக்கு விண்ணப்பம் போட மட்டும் தேதி நினைவிருக்காது. அதனால் ஒன்பது வருஷமாகக் கடைசித் தேதிகளை மூன்று நாள் முன்தள்ளியே போட்டு வந்தேன். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் எத்தனை பேர் பிழைத்தார்கள் தெரியுமா?

இது தெரிந்த ஒரே ஆள் என் அக்கா. அவளும் தோட்ட வரலாற்றுக்காரி. பழைய தோட்டங்களின் வாய்க்கால் என்றால் பைத்தியம். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் உதவித்தொகை இந்த வருஷம் வந்தது. வேறு வேலை பார்க்காமல் இரண்டு வருஷம் ஆராயலாம். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த மாதம் ஐம்பது. விட்டால் போச்சு.

இதற்கிடையில் சங்கத்தின் புதுத் தலைவர் என் தில்லுமுல்லைக் கண்டுபிடித்து, "தேதியை உள்ளபடி போடுங்கம்மா" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். உள்ளபடியே போட்டேன். அக்காவிடம் சொல்ல மறந்தேன்.

கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்குச் சாவகாசமாகப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டியாக்கா?"

"என்னடி அவசரம்? உன் கணக்குப்படி இன்னும் மூணு நாள் இருக்கே."

இந்தத் தடவை மடலில் இருந்தது உண்மைத் தேதி, அது இன்றைக்கு. ஐந்து மணியோடு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

அக்கா வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். விஷயத்தைக் கேட்டதும் அக்கா அளவுகோலை ஓங்கினாள்.

"ஒன்பது வருஷம் பொய் சொன்னவ, திடீர்னு உண்மை பேசினா முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டாமா?"

"அடிக்கிறதா இருந்தா அஞ்சு மணிக்கு மேல அடி. என்ன பாக்கி?"

வாய்க்கால் சரிவைப் பற்றிப் பதினான்கு பக்கம் தயார். 'இந்த ஆய்வு ஏன் தேவை' என்ற பக்கம்தான் காலி. ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்திருக்கிறாள். கணினி முன்னால் நான் உட்கார்ந்தேன்.

"நீ எழுதாதே. என்கிட்ட வாயால சொல்லு."

"தோட்டம் போட்டவர் பேரை வாசல்லயே பொறிச்சு வச்சிருக்காங்க. பத்தடிக்கு ஒரு விரல் சரிவு வச்சு, தண்ணிய கடைசிச் செடி வரைக்கும் கூட்டிட்டுப் போனவன் பேரு எங்கயும் இல்லடி. அவன் போட்ட கணக்கு சரிதான்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பேச்சு நடையைத்தான் திருத்தினேன், சங்கதியில் கை வைக்கவில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினோம். அதற்கப்புறம் சொன்னபடியே அளவுகோலால் அடித்தாள், வலிக்காமல்.

இரண்டு மாதம் கழித்து, மடலில் போடச் சொல்லி முடிவு எனக்குத்தான் முதலில் வந்தது.

"அக்கா, உனக்குத்தான்! உனக்கேதான் கிடைச்சிருக்கு!"



"நீ சொல்ற எதையும் உடனே நம்பிடக் கூடாது. மூணு நாள் கழிச்சு நம்பிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன். எடுத்தால் அழுகை மட்டும்தான். நானும் அழுதேன்.