மதில் தாண்டிய டீசல்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் செங்கோட்டையனின் நிட்டிங் யூனிட்டை ராஜபாண்டி நிறுத்திய விதம் ரொம்ப எளிமையானது. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரில் பார்க்கக் குனிந்தான். தோள்பை சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது. 2008-ஆம் வருஷத்து மின்வெட்டு மத்தியானம் வேறு. இருபது மெஷினும் ஒரே மூச்சில் அடங்கின. வந்த பத்தாவது நிமிடத்திலேயே ஒரு யூனிட்டின் புகையை அறவே ஒழித்த, புகைக் கணக்கெடுக்கும் கார்பன் ஆபீசர் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"நம்ம ஊர்ப்பக்கத்து ஆளாச்சேன்னு உள்ள விட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்!" ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் மொக்கைச்சாமி ஓடிவந்தார்.

அதையாவது தாங்கலாம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தும் கூச்சல் கேட்டது. "ஏனுங்க, மெஷின் நின்னுபோச்சுங்க! சீக்கிரம் போடுங்க!"

பக்கத்து யூனிட் எதற்கு அலறுகிறது?

ராஜபாண்டிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோயமுத்தூர் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழாமலேயே, டீசல் பில்லை மட்டும் பார்த்து, மூன்று மாதம் இந்த யூனிட்டுக்குக் கார்பன் ரிப்போர்ட் எழுதியவன் அவன். கிலோ துணிக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு புகை என்று வந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஏன் என்று கேட்டது. ஐந்து மணிக்குள் காரணம் வராவிட்டால் நாளையிலிருந்து நீயும் வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இப்போது மணி மூன்றரை.

ஜெனரேட்டர் மறுபடி உறுமியதும் கேட்டான். "அண்ணே, அந்தப் பக்கம் கரண்ட் போகுதா?"

"எனக்கு டீசல் ஊத்தத்தான் தெரியும். அது எங்க போகுதுன்னு கரண்டைக் கேளுங்க."

கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக, கேபிள் மாதிரி ஒன்று மதிலைத் தாண்டிப் போனது. சூப்பர்வைசர் சுபஸ்ரீயிடம் காட்டினான்.

"அது துணி காயப்போடற கொடிங்க," என்றாள். நிஜமாகவே அதில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

முதலாளி செங்கோட்டையன் தன் அறையில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், அவன் ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார். கேபிள் பேச்சை எடுத்தால் இன்னொரு முறுக்கு. ராஜபாண்டி உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், வந்தான். மேனேஜரின் போன் மூன்று முறை அடித்தது. மணி நாலு இருபது.

"சார்," என்றான் கடைசியில். "தப்பு என்னோடதுதான். ஒருநாள்கூட நேர்ல வந்து பாக்காம எழுதிட்டேன். இன்னைக்கும் அந்தப் பக்கம் மெஷின் நின்னதை என் பைதான் கண்டுபிடிச்சுது, நான் இல்ல. இப்பவும் காரணம் தெரியாமப் போனா எனக்கு வேலை இல்ல சார்."

செங்கோட்டையன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அது என்ர தங்கச்சி ஊட்டுக்காரர் யூனிட்டுங்க. காதுகுத்துச் சீர்ல சண்டையாகி நாலு வருசமாப் பேச்சில்லீங்க. அவருகிட்ட ஜெனரேட்டர் இல்லை. தங்கச்சி தவிக்கறதைப் பாக்க முடியலீங்க, லைன் குடுத்துட்டேன். நான் எறங்கிப் போயிட்டேன்னு சொந்தத்துல பேசுவாங்கன்னுதான் வாயே தொறக்கல. இங்க இருபது மெஷின், அங்க இருபது. டீசல்ல பாதி அங்கதான் போகுது. நேர்ல போயி எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க, தம்பி. நான் மட்டும் கூட வரமாட்டேனுங்க."