வெள்ளைச் சரளை

1979, மார்கழி. பிற்பகல் மூன்று மணிக்கே போடிமெட்டுக்கு மேலே வானம் இருட்டிவிட்டது. ஓடைத் தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. கன்னையன் கரையில் நின்று வெள்ளைச் சரளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பனிக்காலத்தில் டிரவுட் மீன் இந்தச் சிற்றோடைகளில் ஏறி வரும். பெட்டை வாலால் சரளையைப் பெருக்கிக் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். பெருக்கிய இடம் பாசி நீங்கி வெள்ளையாகத் தெரியும். அதைக் காவல் காக்க மீன்பிடிச் சங்கம் கன்னையனைத் தற்காலிகமாக வைத்திருந்தது.

ஏலக்காய் மூட்டை சுமக்கும் பெண்களும் அந்த வெள்ளையைத்தான் தேடினார்கள். அங்கே கால் வழுக்காது. மரப்பாலம் ஐப்பசி வெள்ளத்தோடு போனபின் அப்படித்தான் கடந்தார்கள். மற்ற குழிகள் எல்லாம் மிதிபட்டு அழிந்தன. மிஞ்சிய ஒன்றின்மேல் கன்னையன் முள் வெட்டிப் போட்டுக் கல் ஏற்றியிருந்தான்.

இன்று சங்கத்து ராஜாராம் பார்க்க வருகிறார். குழி முழுதாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு முடிந்தது.

பெண்கள் மூட்டைகளோடு வந்தார்கள். முன்னால் வந்த மொக்கம்மாள் முள்ளைப் பார்த்தாள்.

"மீனுக்குப் பேறுகாலம் பாக்குற மருத்துவச்சி நிக்கிறாருடி. சத்தம் போடாம வாங்க."

சிரித்தார்கள். முள்ளை ஒட்டிய பாசிப் பாறைமேல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்தார்கள். கடைசியாக சுப்புத்தாய் தனியாக வந்தாள். கன்னையனின் தங்கை. ஏழு மாதம்.

"ஒன்னைய மூட்ட தூக்க வேணாம்னேன்ல, தாயி."

"கங்காணிகிட்ட சொல்லு."

பாதிப் பாறையில் அவள் கால் நழுவியது. சமாளித்து நின்றாள். மலைமேல் பெய்த மழைத்தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. பாறைக்குக் கீழே ஆளை மூழ்கடிக்கும் ஆழக் கசம்.

"மூட்டையப் போடு."

போட்டாள். மூட்டை கசத்தில் ஒருமுறை சுழன்று உள்ளே போனது.

"வா இப்ப."

"காலத் தூக்க முடியலண்ணே. தூக்குனா இழுத்துரும்."

மொக்கம்மாள் சேலைத் தலைப்பை நீட்டினாள். எட்டவில்லை. வெள்ளைமேல் நின்றால் எட்டும். அவளும் அதைப் பார்த்தாள். கன்னையனையும் பார்த்தாள்.

மேலே வளைவில் ராஜாராமின் ஜீப்பு கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

கன்னையன் தண்ணீரில் இறங்கினான். கல்லைப் புரட்டித் தள்ளினான். முள்ளை வெறுங்கையால் வாரி இழுத்தான். ஓடை அதைக் கொண்டுபோனது. கீழே சரளை வெள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றான். காலடியில் கற்கள் புதைந்தன. ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாக ஏதோ அவன் கணுக்காலைச் சுற்றி மேலே வந்தது.

கையை நீட்டினான்.

"வெள்ளையில மிதி. வெரசா."

சுப்புத்தாய் அவன் கையைப் பிடித்தாள். காலை எடுக்கவில்லை. ஜீப்பு கரைக்கு வந்து நின்றது.

"அப்ப ஒன் சோலி, அண்ணே?"