இருபத்தைந்தாவது நிமிடம்

"உங்க அப்பா குடிச்சிட்டுத்தான் வண்டி ஓட்டுவாராமே, நிஜமா?"

கணக்கு டீச்சர் இதைக் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு. என் விடைத்தாள் அவர் கையில் இருந்தது. நாற்பத்திரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருமல் மருந்து அரை மூடி குடித்தாலே தலை சுற்றிப் படுத்துவிடுகிற மனிதர் என் அப்பா. ஆனால் அந்த ஒரு வார்த்தை தொண்டைக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டீச்சர் என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, "பாவம்" என்றார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு எந்த நாளும் போகவில்லை.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. காதில் விழுந்ததைத்தான் கேட்டார். அதை ஊர்க் காதில் முதலில் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். என் தாய்மாமா.

அப்பா அப்போது மார்பிள் கடைக்காரரிடம் டிரைவராக இருந்தார். மார்பிள்காரரிடம் கார்கள் பல இருந்தாலும் உயிர் ஒன்றின் மேல்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பந்தயக் கார். சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக, படுத்துக்கொண்டு ஓட்டுவதுபோல இருக்கும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், பன்னிரண்டு சிலிண்டர். வாங்கிய புதிதில் அதை ஓட்ட மார்பிள்காரருக்கே பயம். அப்பா ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்ப்பார். ஊர் அவரைப் பார்க்கும்.

ஒருநாள் பாலத்தின் ஏற்றத்தில் அந்த வண்டி தள்ளாடியது. இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. பிறகு நின்றுபோய்ப் பின்னால் உருண்டு ஒரு பால் வேனில் முட்டியது. கூட்டம் கூடிச் சிரித்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. மார்பிள்காரர் வண்டியை மாமாவின் பட்டறைக்கு அனுப்பினார். மாமா நான்கு நாள் பார்த்தார். அவர் கையில் வண்டி தேனாக ஓடியது. ஐந்தாம் நாள் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னார்:

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார். ஓட்டுற கால் நிதானமா இருக்கணும். அவ்வளவுதான் சொல்லுவேன். என் தங்கச்சி புருஷன், இதுக்கு மேல என்ன சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னார். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. அன்றே வேலை போயிற்று. அதன்பிறகு ஒருவரும் அப்பா கையில் ஒரு வண்டியைக் கொடுக்கவில்லை. இப்போது அவர் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். நாள் முழுவதும் கார்களின் நடுவில் நிற்கிறார். ஒன்றையும் தொடுவதில்லை.

"வீட்ல சும்மாதானே இருக்கா, பட்டறைக்கு அனுப்பு. கூட்டிப் பெருக்கட்டும்" என்று மாமா அம்மாவிடம் சொன்னபோது அம்மா அதைப் பாசம் என்று நினைத்தாள். நான் மறுபேச்சில்லாமல் கிளம்பினேன். அந்தச் சிவப்பு வண்டி என்றாவது அங்கேதான் திரும்பி வரும். வரும்போது நான் இருக்க வேண்டும்.

நான்கு வருடம் இருந்தேன். பெருக்கினேன். என் விரல்கள் மெலிசு, டாஷ்போர்டுக்குள் லகுவாகப் போகும் என்று தெரிந்ததும் ஒயர் வேலை எல்லாம் மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. வாய் திறக்காதவளிடம் யார் பேசுவார்கள்? மாமா எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான் அறிமுகம் செய்வார். "பேசாது. ஆனா ஒயர் முடிச்சு எல்லாம் பிரிச்சுரும்."

அப்பாவிடம் ஒரே ஒரு தடவை அந்த வண்டியைப் பற்றிக் கேட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் தலை தூக்காமல் சொன்னார்.

"கெளம்பினா நல்லாத்தான்மா போகும். இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். அப்புறம் எங்கயாவது நின்னு எடுத்தா, பாதி உயிர் போயிடும். பாதிதான். ஓரமா நிறுத்தி, மூடியத் தொறந்து காத்தாட விட்டா மறுபடி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கேக்கணுமே."

அதை நான் ஒரு எழுத்து விடாமல் மனதில் வைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக எஞ்சின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார். பிறகு ஆளுயர மின்விசிறியை இழுத்து வந்து எஞ்சினுக்கு நேராக வைப்பார். அவருக்கு வியர்த்தால் பிடிக்காது. ஓட்டிப் பார்க்கப் போனாலும் மூடியில்லாமல்தான் போவார். சத்தம் தெளிவாகக் கேட்குமாம். அவர் பட்டறையில் எந்த எஞ்சினும் ரோட்டில் வேகிற வேக்காட்டைக் கண்டதில்லை.

அப்பாவுக்குப் பிறகு ஓட்ட ஆளில்லாமல் நான்கு வருடம் மூடிக் கிடந்த சிவப்பு வண்டி போன மாதம் வந்தது. இந்தத் தடவை ஓட்டி வந்தது மார்பிள்காரரே. பயம் தெளிந்து, பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். வழியில் இரண்டு இடத்தில் வண்டி தள்ளாடி நின்றதாம். மாமா மூடியைக் கழற்றினார், விசிறியைப் போட்டார், பிளக் பன்னிரண்டையும் மாற்றினார். தேனாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி வந்தது. காயில்களை மாற்றினார். தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தது. பெட்ரோல் பங்க்கைத் திட்டினார், டேங்கைக் கழுவினார்.

எனக்கு இரண்டாவது தடவையே புரிந்துவிட்டது. பன்னிரண்டு சிலிண்டரில் ஆறு ஆறாக, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் பெட்டி. பாதி உயிர் என்று அப்பா சொன்னது ஒரு பக்கத்து ஆறு. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மாமா ராத்திரி தூக்கமில்லாமல் கண் சிவந்து வருவதைப் பார்க்க எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

நான்காவது தடவை வண்டி இழுவை லாரியில் தொங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே மார்பிள்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"என்னய்யா, அன்னைக்கு டிரைவர் கால் நிதானமில்லன்னு சொன்ன. இப்ப ஓட்டுறது நான். நான் என்னத்தக் குடிச்சேன்? காப்பிதானே குடிச்சேன்!"

மாமா துணியால் கையைத் துடைத்தார். சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சார், பழைய வண்டி... அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு..."

"மனசா? அப்போ டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

பெயிண்டர் அண்ணன் சிரிப்பை அடக்கத் தும்முவதுபோல நடித்தார். மாமா வழக்கம்போல மூடியைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்க மாமா."

என் குரல்தான். எனக்கே யாரோ பேசியதுபோல இருந்தது.

"அடேங்கப்பா, கோட்டான் கூவிடுச்சு" என்றார் பெயிண்டர்.

"மூடியப் போட்டு வெச்சா உள்ள என்னத்தப் பாக்குறது?" மாமா எரிந்து விழுந்தார்.

"பாக்க வேணாம். ஓட விடுங்க. ஃபேனும் வேணாம்."

மார்பிள்காரர் என்னை முதல் முறையாகப் பார்த்தார். "ஓட விடுய்யா. உன் வைத்தியம் மூணு தடவை பாத்தாச்சு."

வண்டியை உயிர்ப்பித்தார்கள். மார்பிள்காரருக்கு நாற்காலி போட்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பட்டறை கொதித்தது. மாமாவின் முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது. விசிறியின் பக்கம் போன அவர் கையை மார்பிள்காரரின் கண் தடுத்தது. பதினைந்து. இருபது. "இப்படியே சாயங்காலம் வரை உக்காரணுமா?" என்று மாமா தொடங்கினார்.

இருபத்தைந்தாவது நிமிடம் சத்தம் ஒடிந்தது. பட்டுத்துணி கிழிவதுபோல ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நொண்டியது. வண்டி முழுதும் குலுங்கியது. வலதுபக்கப் புகைக்குழாயிலிருந்து எரியாத பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. மார்பிள்காரர் எழுந்துவிட்டார்.

"இதேதான்! இப்படித்தான் தள்ளாடுது!"

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

"வலது பக்கம் ஆறுக்கும் நெருப்பு வரல. எதனாலன்னு எனக்குத் தெரியும். ஆனா அப்பா வரணும். அவர் முன்னாடிதான் காட்டுவேன்."

"இது என்ன பஞ்சாயத்தா?" மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "தனியா என்கிட்ட சொல்லு. நான் சார்கிட்ட சொல்லிக்கிறேன்."

"அன்னைக்கு நீங்க பத்துப் பேர் முன்னாடிதானே சொன்னீங்க."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியாடி?"

"முதல்ல பண்ணது நீங்க மாமா. எங்க வீட்டுக்கு."

மார்பிள்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அப்பா மதிய உணவு நேரத்தில் வந்தார். கார் நிறுத்துமிடத்தின் நீலச் சட்டையோடு, வாசற்படியிலேயே நின்றார். "வாங்க டிரைவர்" என்று மார்பிள்காரர் கூப்பிட்டார். அப்பா பட்டென்று ஒரு அடி உள்ளே வந்தார், பழக்கதோஷம்.

அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டிருந்தது. வலதுபக்க டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னத் தட்டு. அதிலிருந்து நூல்கனத்தில் இரண்டு ஒயர். பக்கத்துக் குழாய் வழியாக எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அந்தத் தட்டு கொஞ்சம் திரும்பும், கூடவே ஒயரும் வளைந்து கொடுக்கும். முப்பத்தைந்து வருடமாக வளைந்து கொடுக்கிறது. ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரை மாட்டினேன். முள் எழுந்து சரியாக நின்றது.

"நானும் மீட்டர் வெச்சுப் பாத்தேனே" என்றார் மாமா. குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "சரியாத்தான் காட்டுச்சு. இதோ, இப்பவும் சரியாத்தான் காட்டுது."

"ஆறினப்புறம் பாத்தீங்க."

பட்டறைக்கு மேல் மாடியில்தான் மாமாவின் வீடு; அவர் மனைவி, என் அத்தை, தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதைப் போட்டுத் தட்டின்மேல் சூடான காற்றைப் பிடித்தேன். ஐந்து நிமிடம் முள் அசையவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். அப்போது நான் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்துக் குழாயை வாயில் வைத்து, எஞ்சின் இழுப்பதுபோல இழுத்தேன். தட்டு திரும்பியது. முள் செத்து விழுந்தது. வாயை எடுத்தேன், முள் எழுந்தது. இழுத்தேன், விழுந்தது. எழுந்தது. விழுந்தது.

தேவைக்கு மேல்தான் செய்தேன். பத்துத் தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

"ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு" என்றேன். "மேல்தோல் மட்டும் பிடிச்சிட்டிருக்கு. ஆறியிருந்தா ரெண்டு முனையும் தொட்டுக்கும். சூட்ல, தட்டு திரும்புனா விலகிடும். நாலு வருஷமா இதான். சொல்லுங்க மாமா."

"என்னத்தச் சொல்ல?"

"அன்னைக்குச் சொன்னதுக்கு மாத்துச் சொல்லுங்க. ஒயர் ஒரு மணி நேர வேலை. சொன்னாத்தான் மாத்துவேன்."

பட்டறையில் எல்லாக் கையும் நின்றிருந்தது. மாமா அப்பாவைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்பிள்ளை... கோளாறு வண்டியிலதான் இருந்திருக்கு. உங்க மேல தப்பில்ல."

அப்பா மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கே தெரியுமா மச்சான்?"

"சத்தியமாத் தெரியாது."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

மாமா கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார். "பெரிய இடத்து வண்டி. சார் முன்னாடி எனக்குத் தெரியலன்னு சொல்ல... வாய் வரல மாப்பிள்ளை."

இதற்காக நான் காத்திருந்த நான்கு வருடத்தில் மாமா எத்தனையோ விதமாகப் பதில் சொல்வதாக நினைத்துப் பார்த்திருந்தேன். பொறாமை, பழைய சண்டை, சீர்வரிசைத் தகராறு. இவ்வளவு சின்னக் காரணம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை. அது சின்னதாக இருந்ததில் என் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

மார்பிள்காரர் தொண்டையைச் செருமினார். வண்டிச் சாவியை உருவி அப்பாவிடம் நீட்டினார். "நடந்தது நடந்துபோச்சு. ஊர்வலத்துல நீங்கதான் ஓட்டணும். நாளைக்கே வந்துடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அதன் ஓரத்தை ஒருமுறை தடவியது. இதோ, இப்போது ஏறி உட்காருவார், மாமாவின் முகத்தில் புகையை அடித்துவிட்டுத் தெருவில் இறங்குவார்.

அவர் சாவியை மாமாவின் கையிலிருந்த அழுக்குத் துணியின் மேல் வைத்தார். அது நழுவாதபடி மாமாவின் விரல்களை மடக்கி மூடினார். பிறகு மார்பிள்காரரைப் பார்த்தார். "எனக்கு வேலை இருக்கு சார்" என்றார். கடைசியாக என்னைப் பார்த்தார். மீட்டரும் கையுமாக நான் நின்றிருந்தேன். பாராட்டா, கண்டிப்பா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. "அப்பா" என்றேன்.

அவர் வேலைக்குத் திரும்பும் நேரமாகிவிட்டது. நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிவப்பு வண்டியைச் சுற்றி நடந்து, அதைத் தொடாமல் தெருவில் இறங்கிப் போனார்.