பேரனுக்கு வைத்த மூக்கு

பரளச்சி முத்துராமலிங்கத்துக்குப் பேரன் விஷயத்தில் ஒரே ஒரு குறைதான். மூக்கு.

மகன் ராஜகுரு துபாயில் ஏசி மெக்கானிக். அங்கே நர்சாக இருந்த பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்லைக் கட்டிக்கொண்டான். அப்பன் மகனோடு பேச்சை நிறுத்தினார். பேரன் பிறந்ததும் போனில் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பையன் கொழுகொழுவென்று இருந்தான். கோடு கிழித்தாற்போலக் கண். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு பட்டாணி. அவர் வம்சத்துக்கோ கிளி மூக்கு. கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றாலும் இன்னார் வீட்டுக்காரன் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

காதுகுத்துக்கு எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள் என்றதும் பிளெக்ஸ் அடிக்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் தமீம் அன்சாரி போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கினார்.

"பய அம்சமா இருக்கான் மாமா."

"இருக்கான். கண்ணக் கொஞ்சம் தெறந்துவிடு தம்பி. மூக்கையும் இழுத்துவிடு."

"எம்புட்டு?"

முத்துராமலிங்கம் பக்கவாட்டில் திரும்பித் தன் மூக்கையே மாதிரி காட்டினார். தமீம் இழுத்தார். இன்னும் கொஞ்சம் என்றார் இவர். தலைமுடியில் ரெண்டு சுருளும் வைக்கச் சொன்னார். கடைசியில் திரையில் சிரித்த பிள்ளையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவந்தான்யா எங்க வீட்டுப் பிள்ள!"

பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் ஏறிய மறுநாள், டீக்கடை பொன்ராஜ் கேட்டார்: "என்னண்ணே, காளீஸ்வரன் அண்ணனோட ராசியாயிட்டீகளா? அவுக சாடையில பிள்ளப் படம் வச்சிருக்கீக?"

முத்துராமலிங்கத்துக்குச் சுருக்கென்றது. காளீஸ்வரன் சித்தப்பா மகன், பங்காளி. பொதுக்கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் பேச்சுவார்த்தை அற்றுப் பல வருசம் ஆகிறது. ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். அதே முழி, அதே சுருட்டை, அதே மூக்கு. அச்சு அசலாகக் காளீஸ்வரன்! வம்சத்து மூக்கு தன் வீட்டோடு நின்றுவிடவில்லை என்பது அவருக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

கழற்ற ஆள் தேடுவதற்குள் மதுரையிலிருந்து மகன் குடும்பம் வந்த வாடகைக் கார் வந்து நின்றது. இவரும் ஏறிக்கொண்டார். பிளெக்ஸைப் பார்த்த மரிசெல் ராஜகுருவிடம் இங்கிலீசில் என்னவோ கேட்டாள். அவன் சிரித்தான்.

"நம்ம கோயில்லயே இன்னொரு பிள்ளைக்கும் காதுகுத்தான்னு கேக்குறாப்பா. பிள்ள அழகா இருக்காம்."

முத்துராமலிங்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ராஜகுரு கீழே இருந்த பெயரைப் படித்துவிட்டான். சிரிப்பு நின்றது.

"அப்பா... இது நம்ம பய பேருல்ல?"

மரிசெல் மாமனாரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. தூங்குகிற பிள்ளையை மாரோடு சேர்த்து, முகத்தின்மேல் துண்டை இழுத்து மூடினாள். வெயிலுக்காக மூடியிருந்தால் அவருக்கு அப்படித் தைத்திருக்காது.

வீட்டுக்குள் காலைக்கூட வைக்காமல் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினார்.

"இப்ப என்ன மாமா மாத்தணும்?"

"ஒண்ணையும் தொடாத. பிள்ள எப்படி இருக்கானோ அப்படியே அடி."

"மூக்கு?"

"அவன் மூக்கு அவனுக்கு இருக்கட்டும்யா."

சாயங்காலம் பழையதை அவிழ்த்துப் புதுசைக் கட்டி முடித்தபோது பின்னால் ஒரு கனைப்பு. காளீஸ்வரன். வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

"அந்தப் பழசக் கிழிச்சிராதண்ணே. சின்னப்பிள்ளையில என்னைய யாரும் போட்டோ எடுத்ததில்ல. வீட்டுல மாட்டிக்கிறேன்."

இத்தனை வருசத்தில் காளீஸ்வரன் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் 'அண்ணே'. முத்துராமலிங்கம் பிளெக்ஸைச் சுருட்டி நீட்டினார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு காளீஸ்வரன் புதுப் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இவன் யாரு சாடை?"

"அவுக அம்மா சாடை," என்றார் முத்துராமலிங்கம். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.