அடுப்படியில் கிடந்த பிள்ளை

இப்போதெல்லாம் ஜனங்கள் எதைக் கண்டாலும் முதலில் போட்டோ எடுக்கிறார்கள், பார்ப்பது அப்புறம்தான். குன்றின் உச்சியில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே வாழ்ந்த ஐபீரியர்கள் கட்டிய கோட்டை மதில்மேல் ஏறி நின்று பல்லைக் காட்டிய கூட்டத்தைக் கண்டு எலாடியோ காறித் துப்பினார். மேலே அகழாய்வைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆட்டுக்கறி சுட்டுப் போடுகிறார்கள் என்று பழைய சிநேகிதன் மதுக்கடை ப்ளாஸ் இழுத்து வராவிட்டால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதடா. இந்தச் சுவரு உன்னவிட ரெண்டு வயசுதான் மூத்தது," என்றான் ப்ளாஸ்.

அகழாய்வை நடத்தும் நோயெலியா ஒரு வீட்டின் தரையைக் காட்டினாள். அந்தக் காலத்தில் பெரியவர்களை எரித்தார்களாம். பிறந்ததும் இறந்த சிசுக்களை மட்டும் வீட்டுக்குள்ளேயே புதைத்தார்களாம். அடுப்புக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது.

"இப்ப எங்க அது?" என்றார் எலாடியோ.

"அட்டைப்பெட்டியில பத்திரமா இருக்கு தாத்தா. திங்கக்கிழமை மியூசியத்துக்குப் போகுது."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

கூட்டம் சிரித்தது.

"கேக்க யாரு இருக்கா தாத்தா?"

"பெத்தவ, கிட்டயே கிடக்கட்டும்னு அடுப்படியில வெச்சிருக்கா. எடுத்த எடத்துலயே திருப்பி வைங்க."

"வாடா, கறி ஆறுது," என்று ப்ளாஸ் கையைப் பிடித்தான். எலாடியோ உதறினார்.

அவருடைய தலைச்சன் பெண் ஒரு மணிநேரம்கூட உயிரோடு இல்லை. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழவில்லை என்று பாதிரியார் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க விடவில்லை. மதிலுக்கு வெளியே முட்புதரில் அவரே குழி தோண்டினார். பிறகு சாலையை அகலப்படுத்தியபோது அந்த இடமும் போயிற்று.

"என் பிள்ளையச் சாமியார் வெளிய போடச் சொன்னான்," என்றார். சிரிப்பு நின்றது. "சிலுவையே தெரியாத சனம் வீட்டுக்குள்ள வெச்சு அடுப்பு மூட்டியிருக்கு. படிச்ச நீ நம்பர் ஒட்டிப் பொட்டியில போடுற."

நோயெலியாவின் குரல் தணிந்தது. "மழை பட்டா எலும்பு கரைஞ்சிடும் தாத்தா. அங்க கெடாம இருக்கும்."

"ரெண்டாயிரம் வருஷம் இங்க கெடாமத்தானே கிடந்துச்சு?"

"அப்ப யாரும் தோண்டலையே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஒரு நாள் மியூசியத்துக்கு வாங்க. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். எவ்வளவு கவனமா வெச்சிருக்கோம்னு பாத்தா உங்களுக்கே புரியும்."

"சாமியாரும் இப்படித்தான் சொன்னான், போகப் போகப் புரியும்னு. இன்னும் புரியல."

கறியைத் தொடாமல் அவர் சரிவில் இறங்கினார். பின்னால் ப்ளாஸ் கூப்பிட்டான். திரும்பவில்லை.

"பத்திரமாம்," என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.