எங்கள் கல்லூரியின் ஒரே குழி

எங்கள் கல்லூரியில் மரம் நடுவதற்கென்று ஒரு குழி இருக்கிறது. ஒரே ஒரு குழிதான். விழா இல்லாத நாட்களில் அது இரண்டாவது மாடியில், வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில் கிடக்கும். விழா என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படியில் இடித்துவிடாமல் கீழே இறக்கி, பந்தல் எங்கே போட்டிருக்கிறார்களோ அங்கே வைப்பார்கள். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் தேங்கிவிடுவதால் நான்கு பேர் வேண்டும்.

சுதந்திர தினம், சுற்றுச்சூழல் தினம், தாளாளரின் பிறந்தநாள், எதுவானாலும் சிறப்பு விருந்தினர் அதில்தான் கன்று நடுவார். போட்டோ எடுத்து முடிந்ததும் கன்றைப் பிடுங்கி நர்சரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். நாற்காலி, ஷாமியானா மாதிரி கன்றும் வாடகைக்குத்தான். இப்படி நட்டு நட்டு, மாவட்டத்திலேயே அதிக மரங்களை நட்ட கல்லூரி என்று பெயர் வாங்கிவிட்டோம். அதற்கான கேடயம் முதல்வர் அறையில் இருக்கிறது. வளாகத்தில் நிழல் கிடையாது என்பதால் கேடயத்தைப் பார்க்க வருகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு வருவார்கள்.

நான் இங்கே ‘நீடித்த பசுமை வாழ்வு’ என்ற பாடம் நடத்துகிறேன். எந்தத் துறை மாணவராக இருந்தாலும் இதில் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. முதல் அலகில் கன்றை இரண்டு கைகளாலும் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அடுத்ததில், கன்றைப் பார்க்காமல் கேமராவைப் பார்ப்பது. அதற்கடுத்தது கொஞ்சம் கடினம். பூவாளியைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்றுவதுபோல் தெரிய வேண்டும், ஆனால் ஒரு சொட்டுகூட வேருக்குப் போய்ச் சேரக் கூடாது. வித்தை எல்லாம் மணிக்கட்டில்தான் இருக்கிறது. இதற்காகவே நான் கோயம்புத்தூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவன். மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க வெறும் பூவாளியோடு பழகுவார்கள்.

இந்த வருடச் செய்முறைத் தேர்வில் பவதாரணி தண்ணீரை வேருக்கே ஊற்றிவிட்டாள்.

பவதாரணி இறுதியாண்டு கணிதம் படிக்கிறவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பட்டச் சான்றிதழைக் காட்டிச் சேர வேண்டியதுதான் பாக்கி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய அம்மா, மகள் வேலையில் சேர்ந்ததும் நின்றுகொள்ளலாம் என்று காத்திருந்தார்.

அன்றைக்கென்று பார்த்து நர்சரி வண்டி வரவில்லை. டிரைவர் வீட்டில் காதுகுத்து. ஸ்டோர் ரூமுக்கு ஏற்றி வைத்த குழியிலேயே புங்கங்கன்று ராத்திரி முழுக்க இருந்துவிட்டது. காலையில் போய் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபம் கோபமாக வந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் கடைசி நேரத்தில் இப்படிக் காலை வாரிவிடுகின்றன. நேராக முதல்வர் திரவியத்தின் அறைக்குப் போனேன்.

“பிடிச்சிருச்சா?” என்றார்.

“பிடிச்சிருச்சு சார்.”

“துளிர் கிளிர் ஏதும்?”

“விட்டிருக்கு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அடுத்த வாரம் பசுமை வளாக மதிப்பீட்டுக் குழு வருகிறது. குழுத் தலைவர் மரம் நட்டாக வேண்டும். குழியிலோ மரம் இருக்கிறது.

“வேற ஒரு குழி தோண்டிரலாமா சார்?”

“மண்ணைக் காயப்படுத்தக் கூடாதுன்னு நீங்கதானய்யா பாடம் எடுக்கிறீங்க.”

அது நான்காம் அலகு. வெட்டலாம் என்றால் அதுவும் நடக்காது. பசுமை வளாகத்தில் மரத்தை வெட்டினால் அங்கீகாரமே போய்விடும்.

பவதாரணியை விசாரணைக்குக் கூப்பிட்டோம்.

“ஏம்மா தண்ணி ஊத்துன?” என்று முதல்வர் கேட்டார்.

“வாடியிருந்துச்சு சார்.”

“வாடியிருந்தா?”

மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் குழியைக் காலி செய்து கொடுத்தால் தேர்ச்சி, இல்லையென்றால் அடுத்த வருடம் வந்து மறுபடி எழுத வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் அவள் என்னிடம், “அடுத்த வருஷம் வரைக்கும் ஓசூர்ல வேலையை வச்சிருக்க மாட்டாங்க சார்” என்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. பூவாளியை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

பூவாளி இல்லாமலேயே மரம் ஸ்டோர் ரூமில் மளமளவென்று வளர்ந்தது. வேர்கள் குழிக்குள்ளேயே சுருண்டுகொண்டதால் கீழ்மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கிளைகள் ட்யூப் லைட்டை மறைத்தபோது லைட்டை அணைத்துவிட்டு, மின்சாரம் மிச்சப்படுத்தியதாக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். பவதாரணி தினமும் சாயங்காலம் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாள். குழு வருவதற்கு முந்தின நாள் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. என்னை மரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தூங்குகிற பிள்ளையின் அடியிலிருந்து பாயை உருவுகிற மாதிரி, மரத்தின் அடியிலிருந்து குழியை மெல்ல உருவினாள். குழி முழுசாக வந்துவிட்டது. நான் கையை எடுத்தேன். மரம் சிமெண்டுத் தரைக்கு ஒரு ஜாண் மேலே அப்படியே நின்றது. வேரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. அதை அவளே பெருக்கித் தள்ளினாள்.

“இப்ப பாஸ்தான சார்?”

“குழு வந்து பாத்துட்டுப் போகட்டும்மா.”

குழுத் தலைவராக ஓர் அம்மையார் வந்தார். எங்கள் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்போல நட்டார். வேர் நனையவே இல்லை. இத்தனை மரங்களை இவ்வளவு சிறிய இடத்தில் நட்ட கல்லூரியைத் தான் பார்த்ததில்லை என்று மைக்கில் பாராட்டினார். பிறகு குழியைப் பத்திரமாக வைக்கிறோமா என்று பார்க்க ஸ்டோர் ரூமுக்கு வந்தார். அங்கே மரம் நின்றுகொண்டிருந்தது. அம்மையார் பக்கத்தில் போய் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

“இது நிஜமாவே உயிரோட இருக்கா?”

முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு ஸ்டூடண்ட் செஞ்ச தப்பு மேடம்.”

“தப்புன்னு யார் சொன்னா? எத்தனையோ காலேஜ் பாத்துட்டோம், நட்ட மரத்தைப் பாத்ததில்ல. அந்தப் பொண்ணுக்கு நூத்துக்கு நூறு போடுங்க.”

வாசலில் நின்றிருந்த பவதாரணி என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“ஆனா ஒண்ணு” என்றார் அம்மையார். “மரம் பாதியில பட்டுப்போச்சுன்னா குடுத்த மார்க்கை என்ன செய்றது? அதோட ஆயுசு முடியட்டும், சர்டிபிகேட்டைக் குடுத்துரலாம். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு இங்கயே இருந்து பாத்துக்கட்டும்.”

“எவ்வளவு நாள் மேடம்?” என்று பவதாரணி கேட்டாள்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். நான் தாவரவியல் படித்தவன், பொய் சொல்ல வரவில்லை. “புங்கை மேடம். யாரும் வெட்டாம விட்டா நூறு வருஷம் நிக்கும்” என்றேன்.

“இங்க யாரும் வெட்ட மாட்டாங்க” என்றார் முதல்வர் பெருமையாக.

பவதாரணி படிக்கட்டில் நின்று ஓசூருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மேலிடத்தில் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு வருடம் என்றால்தான் சிரமம், நூறு வருடத்துக்கு அவர்கள் விதியில் தடை ஏதும் இல்லையாம். சேரும் தேதியைத் தள்ளி வைத்தாகிவிட்டது, ஒரு திங்கள்கிழமையாகப் பார்த்து வந்தால் வசதியாக இருக்கும் என்றார். அவள் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டு, அம்மாவுக்கும் தகவல் சொன்னாள். அம்மா அன்று சாயங்காலமே அவளுடைய புதுச் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.